மாத்திரை தராத டாக்டரம்மா

கொஞ்சம் உள்ள நகந்துக்கங்கம்மா. இந்தக் கம்பி முதுகுல இடிக்குது. ஆங், போதும் போதும், நீங்க நசுங்காதீங்க. பட்டுக்கோட்டை வரைக்கும்தானே? நானும் அங்கதான். அங்கேருந்து ஈச்சங்காட்டுக்கு டவுன் பஸ்ஸு மாறணும். அது வந்தா வரும், வராட்டிப் போகும்.

தஞ்சாவூரு பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டுத் திரும்புறேன். எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். வீட்டுக்காரருக்கு மாத்திரை. மாசாமாசம் வாங்கணும். அவரையும் இழுத்துக்கிட்டுத்தான் வருவேன். இந்த வாட்டி டாக்டரே, "நீங்க மட்டும் வந்து வாங்கிக்கங்கம்மா, அவரை அடுத்த மாசம் பாக்குறேன்"னு சொல்லியிருந்தாரு. வரிசையில நின்னு நின்னு காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல. உக்காந்தாத்தான் தெரியுது, எவ்வளவு நேரம் நின்னோம்னு.

என்ன நோவுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா. சரி, நானே சொல்றேன்.

மனச்சோர்வாம். அப்படித்தான் சொன்னாங்க. சர்க்கரைன்னா ஊருல சொல்லிக்கலாம், பிரஷர்னா சொல்லிக்கலாம். மனச்சோர்வுன்னு சொன்னா, "எங்களுக்கும்தான் சோர்வா இருக்கு, நாங்க என்ன தஞ்சாவூருக்கா ஓடுறோம்"னு சிரிப்பாங்க. அதனால நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு ஒரு மரியாதை இருக்கு.

இந்த நோவைக் கண்டுபுடிச்சது ஒரு பொண்ணு. ஜெபசெல்வின்னு பேரு. திருநெல்வேலிப் பக்கம். அவ மேல எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டும்மா. நான் யாரையும் குறை சொல்றவ இல்ல. எங்க தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஆனா அவ மேல உண்டு. இன்னி வரைக்கும் தீரல. ஒரத்தநாடு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன். ஒரத்தநாட்டுல கூட்டம் ஏறிடும், அப்புறம் பேச முடியாது.

அந்தக் கார்த்திகைப் புயலு தெரியும்ல உங்களுக்கு. அதைப் பத்தி நான் பேசுறதில்ல. பேசி என்ன ஆகப்போவுது. எங்களுக்குத் தென்னந்தோப்பு. பாதி எங்க மாமனாரு வச்சது, பாதி இவரு வச்சது. வீட்டைச் சுத்தி தோப்புதான். விடிஞ்சு கதவைத் தொறந்தா வானம் தெரியுது. கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து எங்க வாசல்ல நின்னு அவ்வளவு பெரிய வானத்தை நான் பாத்ததே இல்ல. நல்ல நீலமா, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு.

இவரு போயி தோப்பை ஒரு சுத்து சுத்திட்டு வந்தாரு. வேரோட சாஞ்சது ஒரு பக்கம், கொண்டை முறிஞ்சு மொட்டையா நின்னது ஒரு பக்கம். வந்து காலைக் கழுவினாரு. "டீ இருக்கா"ன்னாரு. அடுப்பு நனைஞ்சு கெடக்கு, டீக்கு எங்க போறது. "இல்ல"ன்னேன். "சரி"ன்னாரு. அந்தச் சரியோட பேச்சை நிறுத்துனவருதான். முன்னாடியும் பெரிசாப் பேசுற ஆளு இல்ல. வெத்தலை வேணும்னா கையை நீட்டுவாரு. ஆனா அதுவும் நின்னு போச்சு. தோப்புக்குப் போவாரு, விழுந்து கெடக்குற ஒரு மரத்து மேல உக்காருவாரு, இருட்டுனா வருவாரு. சோறு போட்டா தட்டைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. தென்னைன்னா சும்மாவா, புள்ளை மாதிரில்ல, கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு நான்தான் எல்லாத்தையும் பேசிச் சமாளிச்சேன். வர்றவங்க போறவங்க, நிவாரணம் எழுத வந்த ஆளுங்க, திருப்பூர்லேருந்து போன் பண்ற எங்க மக வளர்மதி, எல்லார்கிட்டயும் நான்தான். அவருக்கும் சேத்து நான்தான்.

மொதல்ல சோத்து வண்டி வந்துச்சு. அப்புறம் துணி வண்டி. பொறவுதான் டாக்டர் வண்டி. பாவம்மா, எங்கெங்கேருந்தோ வந்த புள்ளைங்க. கோயம்புத்தூரு, மெட்ராசு, கேரளாவுலேருந்து கூட. கூலி சம்பளம்னு ஒண்ணும் கெடையாது. ரோட்டுல மரம் கெடக்குதுன்னு வண்டியை அங்கயே நிப்பாட்டிட்டு, மருந்துப் பெட்டியைத் தலையில தூக்கிக்கிட்டு சேத்துல நடந்து வந்துச்சுங்க. காலெல்லாம் சேத்துப்புண்ணு. அடுத்தவன் காலுக்குத் தடவத் தடவ, தன் காலுக்கு மருந்து மிச்சமில்லாம ஒரு டாக்டர் பையன் நொண்டிக்கிட்டுத் திரிஞ்சான். பள்ளிக்கூட பெஞ்சுல படுத்துத் தூங்குவான், எழுப்புனா ஒடனே கழுத்துல குழாயை மாட்டிக்கிட்டு, "சொல்லுங்கம்மா"ம்பான். கண்ணே தொறக்காது, கேள்வி மட்டும் வரும்.

மொத டாக்டர் வண்டி வந்த அன்னைக்கு வார்டு மெம்பர் சின்னையன் ஓடியாந்தான். "அத்தாச்சி, பள்ளிக்கூடத்துல டாக்டருங்க வந்து உக்காந்து எவ்வளவு நேரம் ஆச்சு, ஒரு ஆளு வரல. நம்ம ஊரு மானம் போவுது"ன்னான். ஏன் வரலைன்னா, எல்லாரும் கீத்து பொறுக்கப் போயிட்டாங்க. தலைக்கு மேல கூரை இல்லாதப்ப இருமலைப் பத்தி யாரு நெனைப்பா.

ஆனா யோசிச்சுப் பாருங்க. எலை போட்டு, சமைச்சு எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறான், பந்தியில ஆளு இல்ல. சமைச்சவன் மனசு என்ன பாடுபடும்? வந்தவங்க மொகம் வாடலாமா? நான் தெருத்தெருவாப் போயி ஆளு சேத்தேன். எங்க தெரு மாரிக்கண்ணு கூரைக்குக் கீத்து முடைஞ்சுக்கிட்டிருந்தா. "எந்திரி, வந்து முட்டி வலின்னு சொல்லு"ன்னேன்.

"எனக்கு முட்டி வலிக்கலையேக்கா."

"வலிக்கறப்ப சொல்லணும்னா அன்னைக்கு டாக்டரு இருக்க மாட்டாரு. இப்பவே சொல்லி வையி."

எல்லாரும் ஒரே நோவைச் சொன்னா சந்தேகம் வந்துடும்னு நானே பிரிச்சுக் குடுத்தேன். இவளுக்கு முட்டி, அவளுக்குத் தலைசுத்தல், இன்னொருத்திக்கு நெஞ்சு கரிக்குது. கெழவனுங்களுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, அவனுங்களுக்கே தெரியும். வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு. அந்தப் புள்ளைங்க மொகத்துல ஒரு களை வந்துச்சு பாருங்க, எனக்கு வயிறு நெறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நடுவுல நெசமான நோவும் இருந்துச்சு. தகரம் கிழிச்சு ஒருத்தனுக்குக் காலு எலும்பு தெரிஞ்சுச்சு, தையல் போட்டாங்க. வயித்தால போயி கண்ணு சொருகிக் கெடந்த ஒரு புள்ளையைத் தூக்கியாந்தாங்க, அதுக்குப் பாட்டில் ஏத்திப் பொழைக்க வச்சாங்க. நான் ஆளு சேக்கலைன்னா அந்தப் புள்ளையை யாரும் அங்க தூக்கியாந்திருக்க மாட்டாங்க. அதையும் சொல்லணும்ல.

அடுத்தடுத்து வண்டி வந்துச்சு. எல்லா வண்டிக்கும் நான் ஆளு சேத்தேன். எங்க ஊரு சனங்களுக்கும் பழகிப் போச்சு. மாரிக்கண்ணுக்கு, சொல்லிச் சொல்லி, முட்டி நெசமாவே வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. "எல்லாம் உன்னாலதாங்க்கா"ன்னு இன்னைக்கும் திட்டுறா. வீட்டுக்கு வீடு மாத்திரை குவிஞ்சு கெடந்துச்சு. செவப்புக்கு மஞ்சளு மாத்திக்கிறேன்னு பொம்பளைங்க தெருக்குழாயடியில நின்னுக்கிட்டு இருந்தாங்க. ஒரு டாக்டரம்மா பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா.

இவரை விட்டுடுவேனா? எல்லா வண்டிக்கும் கூட்டிக்கிட்டுப் போனேன். வான்னா வருவாரு, அதுல குத்தம் சொல்ல முடியாது. அந்த நொண்டிக்கிட்டு இருந்த டாக்டர் பையன் கேட்டான், "ஐயா பேரு என்ன?"

"பேராவூரணிப் பிள்ளையாரு பேரு"ன்னேன். புருசன் பேரை நான் எப்படிச் சொல்றது? அவன் "பிள்ளையார்"னே எழுதிட்டான். பக்கத்துல நின்ன சின்னையன்தான், "நீலகண்டன்னு எழுதுங்க சார்"னு திருத்துனான்.

"ஐயா, உங்களுக்கு என்ன செய்யுது?"

"சாப்பாடு எறங்கலைங்க"ன்னேன்.

"தூக்கம் எப்படிங்கய்யா?"

"எங்க தூங்குறாரு. மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கெடக்குறாரு."

"அம்மா, அவரு சொல்லட்டுமே."

"அவரு சொல்ல மாட்டாருங்க தம்பி. அதனாலதானே நான் சொல்றேன்."

அந்தப் பையன் இவரைப் பாத்தான், என்னைப் பாத்தான், வரிசையைப் பாத்தான். வரிசைதான் வாசலைத் தாண்டி நிக்குதே. கையில பட்டையைச் சுத்தி பிரஷர் பாத்தான். நல்லா இருந்துச்சு. வயித்துப் புண்ணுக்கு ஒண்ணு, சத்துக்கு ஒண்ணு குடுத்தான். அடுத்த வண்டியிலயும் அதான். அதுக்கடுத்த வண்டியிலயும் அதான். இவருக்கு உடம்புல ஒண்ணும் இல்லைன்னு இத்தனை டாக்டரு சொன்ன பொறவு நான் ஏன் கவலைப்படணும்?

அப்புறம் வண்டி கொறைஞ்சுது. டிவிக்காரனும் போயிட்டான். எல்லாரும் போன பெறகு ஒரு வண்டி வந்துச்சு பாருங்க, அதுல வந்தவதான் ஜெபசெல்வி.

கழுத்துல குழாயும் இல்ல, கையில பொட்டியும் இல்ல. ஒரு துணிப்பை, ஒரு தண்ணி பாட்டிலு. மெலிஞ்ச பொண்ணு. கண்ணுக்குக் கீழ கருவளையம். எத்தனை ஊரு சுத்தியிருக்காளோ. மத்த டாக்டருங்க பள்ளிக்கூடத்துல உக்காந்திருக்க, இவ தெருவுல நடக்குறா. நான் வழக்கம்போல ஆளு சேத்துக்கிட்டுப் போறேன், "நான் வரிசையைப் பாக்க வரலம்மா"ங்கிறா. மாரிக்கண்ணுகிட்ட போயி, "ஊருல சாப்பிடாம தூங்காம, யார்கிட்டயும் பேசாம இருக்கவிய யாராச்சும் உண்டா?"ன்னு கேட்டிருக்கா. மாரிக்கண்ணு நேரா எங்க வீட்டைக் காட்டிட்டா. பேசாத ஆளைத் தேடி வந்த டாக்டரை நான் அப்பதான் பாக்குறேன்.

வந்தா. இவரு தோப்புல மரத்து மேல உக்காந்திருந்தாரு. "இங்க உக்காரலாமாய்யா?"ன்னு கேட்டா. இவரு ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் நின்னுட்டு, அதே மரத்துல அந்தக் கோடியில உக்காந்தா.

நான் ஓடிப்போயி டீ போட்டுக் கொண்டாந்தேன். விருந்தாளியை வெறும் வாயோட விடலாமா. டீயைக் குடுத்துட்டு, இவரு எப்ப எந்திரிக்கிறாரு, எப்ப படுக்குறாரு, எந்த டாக்டரு எந்த மாத்திரை குடுத்தாங்க, எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். கேட்டுக்கிட்டா. கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா?

"நல்லதும்மா. நீங்க போயி உங்க வேலையைப் பாருங்க. நான் இங்ஙன கொஞ்சம் இருக்கேன்."

என் தோப்பு. என் புருசன். என் டீ. நான் போகணுமாம்.

சரின்னு அடுப்படிக்கு வந்துட்டேன். சன்னல்லேருந்து பாத்தா நேராத் தெரியும். ஒண்ணுமே நடக்கல. பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்குற மாதிரி ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. அவ ஒரு வார்த்தை கேக்கல, இவரு ஒரு வார்த்தை சொல்லல. மத்தியானம் வரைக்கும் அதே. "நாளைக்கு வாறேன்யா"ன்னு போயிட்டா. இதுக்கா திருநெல்வேலியிலேருந்து வரணும்? மத்த டாக்டருங்களாவது ஒரு மாத்திரை குடுத்தாங்க. இவ அதுவும் இல்ல. மறுநாளும் வந்தா, உக்காந்தா, போனா. மாரிக்கண்ணு கேக்குறா, "என்னக்கா, உங்க தோப்புல விழுந்த மரத்துக்கு வைத்தியம் பாக்க ஒரு டாக்டரம்மா வந்திருக்காமே." எனக்கு அவமானமாப் போச்சு.

அதுக்கும் மறுநாளு, நான் மாவு சலிச்சுக்கிட்டே சன்னல்ல பாக்குறேன், இவரு கை அசையுது. அங்க காட்டுறாரு, இங்க காட்டுறாரு. வாயி அசையுதும்மா. சல்லடையை அப்படியே வச்சுட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி போயி நின்னேன். காத்து அந்தப் பக்கமா அடிச்சு ஒரு வார்த்தை காதுல விழல. அவ தலையை மட்டும் ஆட்டுறா. பேசிக்கிட்டே இருந்தவரு துண்டை எடுத்து மொகத்தை மூடிக்கிட்டாரு. தோளு குலுங்குது. எங்க மாமியா செத்தப்ப அழாத மனுசன். மக கல்யாணமாகிப் போறப்ப எல்லாரும் அழுறோம், அவரு பந்தல்காரன்கூட நின்னாரு. அவ தொட்டுத் தேத்தல, எந்திரிக்கல, "அழாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. என்ன பொண்ணு இவளுன்னு தோணுச்சு. நானா இருந்தா விட்டிருப்பேனா?

பொறவு ரெண்டு பேரும் எந்திரிச்சு மோட்டார் கொட்டகைக்குப் போனாங்க. திரும்பி வரப்ப அவ பை கனமாத் தொங்குச்சு. நேரா எங்கிட்ட வந்து, அடுப்படியில உக்கார வச்சு, சொன்னா. இவரு தன் கதையை முடிச்சுக்கிறதுக்குன்னு அங்க ஒண்ணை எடுத்து ஒளிச்சு வச்சிருந்தாராம். அதை அவராவே எடுத்து அவ கையில குடுத்துட்டாராம். என்ன அதுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க. நான் அந்தக் கொட்டகையைப் போயி எத்தனை தடவை பெருக்கியிருப்பேன். மோட்டாரைப் போட, நிறுத்த, எத்தனை தடவை.

பயந்தா நான் என்ன செய்வேன்? பேசுவேன். "அவருக்கு என்ன கொறை வச்சேன், நேரத்துக்குச் சோறு போடலையா, எத்தனை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன், அவருக்காக நான் பேசாத பேச்சா"ன்னு புடிச்சேன். அவ எல்லாத்தையும் கேட்டா. கேட்டு முடிச்சுட்டு, "நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டிய. உங்க மேல தப்பு இல்ல"ன்னா. தஞ்சாவூருல எந்த டாக்டரைப் பாக்கணும்னு சொன்னா. போன் போட்டு அங்கயும் சொல்லி வச்சா. அவரைத் தனியா விடக்கூடாதுன்னா. எல்லாம் சரி. கடைசியா எனக்கு ஒரு மருந்து சொன்னா பாருங்க.

"தெனமும் சாயங்காலம் அவருகூட போயி அந்த மரத்துல உக்காருங்கம்மா. கொஞ்ச நேரம். ஆனா நீங்க பேசக் கூடாது."

"எனக்கா நோவு?"ன்னேன்.

"இல்லம்மா."

"அப்புறம் எனக்கு ஏன் மருந்து? நான் பேசலைன்னா அந்த வீட்டுல சத்தமே இருக்காது. மாடுகூட என் பேச்சைக் கேட்டாத்தான் பாலு சொரக்கும்."

சிரிச்சா. அவ சிரிச்சு அப்பதான் பாத்தேன். சின்னப் பொண்ணுதான். எங்க வளர்மதியைவிடச் சின்னவ. "அவருக்குப் பேச எடம் வேணும்மா"ன்னா. என்ன எடம்? அவ்வளவு பெரிய தோப்பு, மரமெல்லாம் போயி இப்ப எடமாத்தானே கெடக்கு.

மறுநா அவங்க வண்டி கெளம்புது. போறதுக்கு முன்னாடி சாப்பிட வந்தா. நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டேன். மனத்தாங்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், என் புருசனைத் திருப்பிக் குடுத்தவளுக்கு ஒரு வாய் சோறு போடாம விட்டா நான் மனுசியா? நெத்திலிக் கொழம்பு, கத்திரிக்கா பொரியலு. இவரும் அந்த மூலையில உக்காந்து சாப்பிட்டாரு. அவ கவளத்தை வாயில வைக்கிறா, மெல்லுறா, கண்ணு எங்கேயோ இருக்கு. அசதி. ஊரு ஊரா அழுதவங்களைப் பாத்த அசதி. திடீர்னு எலையைப் பாத்துக்கிட்டே, "எங்க அப்பாவும்..."னா.

நான் கொழம்புச் சட்டியோட நிக்கிறேன். "மொதல்ல சாப்பிடு தாயி, இன்னும் கொஞ்சம் ஊத்திக்க, அப்பா அம்மால்லாம் நல்லா இருப்பாங்க, கவலைப்படாத, உனக்குக் கல்யாணம் பேசிட்டாங்களா, எங்க பக்கத்துல நல்ல பையனுங்க இருக்காங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஊத்துனேன். பசியோட பேசுனா சாப்பாடு எறங்காதும்மா, அதுக்குத்தான் சொன்னேன். அவ தலையை ஆட்டுனா. சாப்பிட்டா. வெளிய வண்டிக்காரன் ஆரன் அடிச்சான். கையைக் கழுவிட்டு, "வாறேம்மா, வாறேன்யா"ன்னு போயிட்டா.

அப்புறம் நான் மருந்து சாப்பிட்ட கதையைக் கேளுங்க. மொத நாளு போயி மரத்துல உக்காந்தேன். ஒரு எறும்பு என் காலுல ஏறுது, "எறும்பு"ன்னு சொல்லக்கூட முடியல. வாயில வந்து வந்து நிக்குது. மாரிக்கண்ணு வீட்டுல கூரை போட்டுட்டாங்கன்னு சொல்லணும், வளர்மதி போன் பண்ணாள்னு சொல்லணும். தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. மறுநா உக்காந்தப்ப தையல் துணி எடுத்துக்கிட்டுப் போனேன், வாயிக்குப் பதிலா கையாவது ஓடட்டும்னு. அதுக்கப்புறம் வெறுங்கையோட. பேசாம உக்காந்தாத்தான் தெரியுது, அந்த மொட்டை மரத்துல கூட மைனா வந்து உக்காருதுன்னு. மாத்திரையும் சாப்பிட்டாரு. தட்டுல சோறு கொஞ்சம் கொறைய ஆரம்பிச்சுது. பேச்சு மட்டும் இல்ல. நானும் விட்டுட்டேன். உசுரோட பக்கத்துல உக்காந்திருக்காரே, அது போதும்னு இருந்துச்சு.

ஒருநாள் சாயங்காலம், அவரா ஆரம்பிச்சாரு.

"அன்னைக்குப் புயல்ல நீ பேசிக்கிட்டே இருந்தே."

ஆமாம்மா. பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். கதவு பிச்சுக்கிட்டுப் போகாம இருக்க நானும் அவரும் முதுகைக் குடுத்து உக்காந்திருந்தோம். வெளக்கு இல்ல. நான் வளர்மதி கல்யாணத்துக்கு யாரு யாரு வந்தாங்க, என்ன கொண்டாந்தாங்கன்னு ஆரம்பிச்சு, எங்க தெரு பொம்பளைங்க பொறந்த ஊரு வரைக்கும் சொல்லிட்டேன். சொன்னதையே திரும்பச் சொன்னேன். நான் நிறுத்தினா வெளிய மரம் விழற சத்தம் கேக்கும். ஒவ்வொண்ணும் விழறப்ப தரை அதிரும், முதுகுல தெரியும். அவருக்கு அது கேக்கக் கூடாது. அதான். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர்கிட்டயும் சொன்னதில்ல.

"எனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் பேசுன. தெரியும்"னாரு.

நான் அவரு மொகத்தைத் திரும்பிப் பாத்தேன்.

"ஆனா எல்லாம் கேட்டுச்சு"ன்னாரு. "எது விழுதுன்னு சத்தத்துலயே தெரிஞ்சுச்சு."

அவ்வளவுதான் சொன்னாரு. அன்னைக்கு ஒருநாள்தான் பேசாம இருக்கறது எனக்குக் கஷ்டமாத் தெரியல. இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தோம். அவரு கையி என் கையிக்குப் பக்கத்துல மரத்து மேல இருந்துச்சு. நான் எடுக்கல, அவரும் எடுக்கல.

இப்ப பரவாயில்ல. ரொம்ப நல்லாயிட்டாருன்னு சொல்ல மாட்டேன். சில நாளு பழையபடி மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கெடப்பாரு, அன்னைக்கெல்லாம் ராத்திரி நானும் தூங்க மாட்டேன். மோட்டார் கொட்டகைக்கு நான்தான் போறேன், அவரை விடுறதில்ல. இன்னைக்குக்கூட சின்னையனை அவரு பக்கத்துல உக்கார வச்சுட்டுத்தான் வந்தேன். சில நாளு அவரா, "தென்னம்புள்ளை எங்க கெடைக்கும்"னு கேப்பாரு. கேட்டுட்டு மறந்துடுவாரு. இப்படித்தான் ஓடுது. அலுப்பா இருக்கும்மா. சொல்லக் கூடாது, ஆனா அலுப்பா இருக்கு.

மனத்தாங்கல் என்னன்னு கேக்குறீங்கல்ல. அதைச் சொல்றேன். கொஞ்ச நாளு முன்னாடி சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப இவரு கேக்குறாரு, "அந்தப் புள்ள அன்னைக்கு இங்க உக்காந்து அவங்க அப்பாவைப் பத்தி ஏதோ சொல்ல வந்துச்சே. என்னன்னு சொல்லுச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவரு அன்னைக்கு மூலையில உக்காந்து எலையைத்தான் பாத்துக்கிட்டிருந்தாருன்னு நெனைச்சேன். "ஒண்ணும் சொல்லலையே"ன்னேன்.

"ஆரம்பிச்சாளே."

"ஆரம்பிச்சா. சொல்லாமப் போயிட்டா."

அவரு என்னைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு.

அதாம்மா. நீங்களே சொல்லுங்க. ஊரு பூரா போயி ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து கேட்டவ, தன் மனசுல இருந்ததை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன வேத்து ஆளா? என் வீட்டு அடுப்படியில உக்காந்து, என் கையால சாப்பிட்டவ. அப்பாவுக்கு ஒடம்புக்கு முடியலையா, இல்ல அவரும் இப்படித்தான் உக்காந்துட்டாரா, இல்ல யாரும் பக்கத்துல வந்து உக்கார்றதுக்கு முந்தியே அவரு போயிட்டாரா, ஒண்ணும் தெரியல. அவ நம்பரும் இல்ல. தஞ்சாவூரு டாக்டர்கிட்ட கேட்டேன், அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க, எங்கயோ வெள்ளம்னு சொன்னாரு. வெள்ளத்துல வேற யாரு பக்கத்துல போயி உக்காந்திருக்காளோ. அவளுக்கு யாரு உக்காந்திருக்காங்களோ.

பட்டுக்கோட்டை வந்துடுச்சா? பேசுனதுல ஒரத்தநாடு போனதே தெரியல பாருங்க. இறங்குங்க இறங்குங்க, பாத்து, படி உசரம்.

இவ்வளவு பேசுறாளேன்னு நெனைக்காதீங்க. பஸ்ஸுல பேசுவேன், தெருவுல பேசுவேன். வீட்டுல யாருக்காவது சோறு போடுறப்ப மட்டும் இப்ப நான் பேசுறதில்ல. மாரிக்கண்ணு போன வாரம் சாப்பிட வந்தவ, "என்னக்கா, எம்மேல ஏதாவது கோவமா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கற"ன்னா. கோவமெல்லாம் இல்லடின்னு கையாலயே சாடை காட்டிட்டு, ரசத்தை ஊத்திட்டு, நின்னேன். சாப்பிடுற ஆளு ஏதாவது சொல்ல வரலாம்ல.